ஃபின்லாந்து மக்கள் சைபீரியாவிலிருந்து வந்தவர்களா? பழைய எலும்புகளும் புதிய மரபணு ஆய்வுகளும்

தாமிரபரணி எழுதியது:

ஐரோப்பாவின் ஒய் குரோமோசோம் வரைபடம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபின்லாந்தின் நிறம் மட்டும் தனியாகத் தெரிகிறது. அங்குள்ள ஆண்களில் ஏறக்குறைய 60 சதம் பேர் என்1சி என்ற தந்தைவழிக் குழுவைச் சேர்ந்தவர்கள். அதே குழுவின் வேறு கிளைகள் கிழக்கு சைபீரியாவின் யாகுட்டியா வரைக்கும் பரவிக் கிடக்கின்றன. பக்கத்தில் இருக்கும் ஸ்வீடனில் அது மிகக் குறைவு. மொழியும் சுற்றியுள்ள ஸ்வீடிஷ், ரஷ்ய மொழிகளோடு உறவில்லாதது.

இதை வைத்துக்கொண்டு "ஃபின்கள் உண்மையில் ஆசியர்கள், முகம் மட்டும்தான் ஐரோப்பா" என்று பலர் அடித்துப் பேசுகிறார்கள். இது எவ்வளவு தூரம் சரி? அப்புறம் கால்டுவெல் திராவிட மொழிகளையும் ஃபின்னிஷ் பக்கத்து மொழிகளையும் சேர்த்து 'சிதிய' குடும்பம் என்று சொன்னாரே, அதற்கு மரபணுவில் ஏதாவது ஆதாரம் உண்டா? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

பனிக்காடு எழுதியது:

ஃபின்லாந்தின் ஓலு நகரத்தில் மரபணுத் தரவுகளோடுதான் என் வேலை, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

அந்த 60 சதம் சரியான எண்தான். ஆனால் அது ஒரு மக்கள் கூட்டத்தின் பிறப்பைச் சொல்லாது. நம் ஊரில் குலதெய்வம் எப்படி வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். அப்பா, அவருடைய அப்பா, அவருக்கும் அப்பா என்று ஒரே கோட்டில் பின்னால் போய் ஒரு கோயிலில் நிற்கும். பத்துத் தலைமுறை பின்னால் போனால் உங்களுக்கு முன்னோர் இடம் 1024. குலதெய்வக் கோயில் அதில் ஒரே ஒருவரின் ஊரைத்தான் காட்டும். மீதி 1023 பேர் எங்கெங்கோ இருந்து வந்திருப்பார்கள். ஒய் குரோமோசோமும் அப்படித்தான்.

மொத்த மரபணுத் தொகுதியையும் எடுத்துப் பார்த்தால் படம் வேறு. கணக்கிடும் முறையைப் பொறுத்து இன்றைய ஃபின்களிடம் சைபீரிய வகை முன்னோர் பங்கு சுமார் 5 முதல் 10 சதம்தான். மீதி 90 சதத்துக்கும் மேல் வட ஐரோப்பாவில் எல்லோருக்கும் உள்ள அதே மூன்று மூலங்கள். பனியுகத்துக்குப் பிறகு பரவிய வேட்டையாடிகள், அனத்தோலியாவிலிருந்து (இன்றைய துருக்கி) வந்த முதல் விவசாயிகள், கருங்கடலுக்கு வடக்கே புல்வெளியிலிருந்து வந்த மேய்ச்சல்காரர்கள். தெற்கு ஐரோப்பாவோடு ஒப்பிட்டால் ஃபின்களிடம் விவசாயிகளின் பங்கு குறைவு, புல்வெளிக்காரர்களின் பங்கும் வேட்டையாடிகளின் பங்கும் அதிகம். தாய்வழி மைட்டோகாண்ட்ரியாவும் பெரும்பாலும் ஹெச், யு5 போன்ற ஐரோப்பியக் குழுக்களே.

தந்தைவழியில் 60, மொத்தத்தில் பத்துக்கும் கீழ். இந்த இடைவெளிதான் உண்மையில் சுவாரசியமான விஷயம். கிழக்கிலிருந்து வந்தவர்களில் ஆண்கள் அதிகமாக இருந்து, வழியில் இருந்த பெண்களை மணந்திருந்தால், ஒவ்வொரு கலப்பிலும் உடலின் மற்ற மரபணுக்கள் பாதியாகக் கரையும். ஒய் மட்டும் கரையாது, அப்பாவிடமிருந்து மகனுக்கு முழுசாகப் போகும். இதோடு மக்கள்தொகை மிகச் சிறியதாக இருந்த காலத்தில் ஏதோ சில ஆண்களின் வழி மட்டும் தற்செயலாகப் பெருகியிருக்கும். ஃபின்லாந்தில் இரண்டுமே நடந்திருக்கிறது என்பது என் கணிப்பு. 1996இலேயே அன்டி சயன்டிலாவும் ஸ்வாந்தே பேபோவும் சேர்ந்து எழுதிய கட்டுரை, ஃபின்களின் ஒய் வகைகளில் உள்ள பன்மை மிகக் குறைவு என்பதைக் காட்டி, ஆரம்ப மக்கள்தொகை ஒரு குறுகிய கழுத்து வழியாக, அதாவது மிகச் சிலராகக் குறைந்து பிறகு பெருகி, வந்திருக்கிறது என்றது.

எழுத்தாணி எழுதியது:

சரி, வந்தது எப்போது? 'சைபீரிய வகை' என்று ஒரு பங்கை இன்றைய ஆட்களை வைத்துக் கணக்குப் போட்டுவிடலாம். எந்தக் காலத்தில், எந்த வழியில் என்பதற்கு எலும்பு வேண்டுமே. ஃபின்லாந்தில் கற்கால எலும்புகளே கிடைப்பதில்லை என்று படித்த ஞாபகம்.

பனிக்காடு எழுதியது:

கிடைப்பதில்லை என்பது ஏறக்குறைய உண்மை. இந்த நாட்டு மண் அமிலத்தன்மை கொண்டது, புதைத்த எலும்பைச் சில நூறு ஆண்டுகளில் தின்றுவிடும். 1913இல் கரேலியப் பகுதியில் அன்ட்ரேயா என்ற ஊரில் சதுப்புக்கு அடியிலிருந்து எடுத்த மீன்வலை, கி.மு. 8300 வாக்கில் வில்லோ மரநாரில் பின்னியது. உலகின் மிகப் பழைய மீன்வலைகளில் ஒன்று. வலை மிஞ்சியது, அதைப் பின்னியவரின் எலும்பு மிஞ்சவில்லை. பனிப்பாறை விலகியதும் வந்து குடியேறிய அந்த முதல் ஆட்களின் மரபணு எப்படி இருந்தது என்பதை அக்கம்பக்கத்து நாடுகளின் எலும்புகளை வைத்துத்தான் ஊகிக்கிறோம்.

அதனால்தான் 2018இல் வந்த தீசியஸ் லாம்னிடிஸ் குழுவின் கட்டுரை பெரிய விஷயமானது. அவர்கள் 11 பழைய ஆட்களின் மரபணுவைப் படித்தார்கள். அதில் இரண்டு இடங்கள் முக்கியம்.

ஒன்று, ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில், மூர்மன்ஸ்க் பக்கம் இருக்கும் போல்ஷோய் ஒலேனி தீவு. அங்கே புதைக்கப்பட்டவர்கள் சுமார் 3500 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர்கள். அவர்களிடம் சைபீரிய வகைப் பங்கு இன்றைய ஃபின்களிடம் உள்ளதைவிடப் பல மடங்கு அதிகம். ஆண்களிடம் என்1சியும் இருந்தது. ஆக, வடக்கு வழியாக அந்தப் பங்கு 3500 ஆண்டுக்கு முன்பே ஐரோப்பாவின் வாசலுக்கு வந்துவிட்டது. அவர்கள் பேசிய மொழி எது என்று எலும்பு சொல்லாது.

இரண்டாவது, மேற்கு ஃபின்லாந்தின் தெற்கு ஆஸ்ட்ரோபோத்னியாவில் இசோகூரோ பக்கத்தில் உள்ள லெவான்லுஹ்தா. கி.பி. 300 முதல் 800 வரை இறந்தவர்களை நீருக்குள் இறக்கியிருக்கிறார்கள். அப்போது அது சிறு ஏரி, இப்போது வயல் நடுவே ஊற்று. ஏறக்குறைய நூறு பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். எலும்பு தப்பியதற்கும் அந்த நீர்தான் காரணம். மரபணுவைப் பார்த்தால், படித்தவர்களில் பெரும்பாலோர் இன்றைய ஃபின்களைவிட வட ஐரோப்பாவின் பூர்வகுடிகளான இன்றைய சாமி மக்களுக்கு நெருக்கம். அந்த இடமோ இன்றைய சாமி நிலத்திலிருந்து பல நூறு கிலோமீட்டர் தெற்கே இருக்கிறது! நாட்டின் உள்பகுதியில் ஒரு காலத்தில் சாமி மொழி பேசினார்கள் என்று ஊர்ப்பெயர்களை வைத்து மொழியியலார் முன்பே சொல்லிவந்தார்கள். எலும்பும் அதே பக்கம் கை காட்டுகிறது.

எழுத்தாணி எழுதியது:

லெவான்லுஹ்தா பற்றி இன்றுதான் கேள்விப்படுகிறேன். அது யார், ஏன் தண்ணீரில் இறக்கினார்கள் என்பதற்கு ஒரு முடிவு உண்டா?

பனிக்காடு எழுதியது:

ஒத்துக்கொள்ளப்பட்ட விளக்கம் இல்லை. பலி என்றார்கள், அடிமைகள் என்றார்கள், கொள்ளைநோய் என்றார்கள். ஐந்நூறு ஆண்டுகள் தொடர்ந்து நடந்திருக்கிறது என்பதால் ஒரே சம்பவமாக இருக்க முடியாது. ஒரு சமூகத்தின் வழக்கமான சாவுச் சடங்கு என்றே எனக்குத் தோன்றுகிறது.

எழுத்தாணி எழுதியது:

மொழி பற்றி ஒரு எச்சரிக்கை. என்1சி இருந்தால் யூராலிக் மொழி (ஃபின்னிஷ், எஸ்தோனியன், சாமி, ஹங்கேரியன் எல்லாம் அடங்கிய குடும்பம்) என்று பலர் நேர்க்கோடு போடுகிறார்கள். லிதுவேனியாவிலும் லாட்வியாவிலும் ஆண்களில் சுமார் 40 சதம் பேருக்கு அதே குழு, பேசுவதோ இந்தோ-ஐரோப்பிய மொழி. ஹங்கேரியர்கள் பேசுவது யூராலிக் மொழி, அவர்களிடம் என்1சி இன்று அரிதிலும் அரிது. மொழி ஒரு பக்கம் போகும், ரத்தம் ஒரு பக்கம் போகும். இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டக் கூடாது.

பனிக்காடு எழுதியது:

பாதி ஒத்துக்கொள்கிறேன், பாதி இல்லை.

ஹங்கேரி தனிக்கதை. 9ஆம் நூற்றாண்டின் கடைசியில் கார்ப்பேத்தியப் படுகைக்குள் (இன்றைய ஹங்கேரிப் பகுதி) வந்தவர்களின் கல்லறைகளில் கிழக்கத்திய மரபணு தெளிவாக இருக்கிறது. ஏற்கெனவே அங்கே இருந்த பெரிய மக்கள்தொகைக்குள் அவர்கள் கரைந்துவிட்டார்கள், மொழி மட்டும் நின்றது. ஒரு விதிவிலக்கை வைத்துப் பொதுவிதியே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 2018இல் கிறிஸ்டீனா டாம்பெட்ஸ் குழு யூராலிக் மொழி பேசும் மக்களை வரிசையாக எடுத்துப் பார்த்தது. ஹங்கேரி போன்ற விதிவிலக்குகளைத் தள்ளினால், பால்டிக் கடலோரத்திலிருந்து மேற்கு சைபீரியா வரை பெரும்பாலோரிடம் ஒரே சைபீரிய வகைப் பங்கு, அளவு கூடியும் குறைந்தும் இருக்கிறது. இவ்வளவு தூரத்துக்கு இது தற்செயலாக அமைவது கடினம்.

எஸ்தோனியா இன்னும் துல்லியமான சாட்சி. 2019இல் லெஹ்தி சாக் குழு அங்குள்ள வெண்கலக் காலக் கல்லறைகளையும் இரும்புக் காலக் கல்லறைகளையும் ஒப்பிட்டது. வெண்கலக் கால ஆண்களிடம் என்1சி இல்லை. இரும்புக் காலம் வந்ததும் இருக்கிறது, கூடவே சைபீரியப் பங்கும். கி.மு. முதல் ஆயிரத்தாண்டுக்குள் வந்து சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். பால்டிக்-ஃபின்னிக் மொழிகள் (ஃபின்னிஷ், எஸ்தோனியன் முதலியவை) அந்தப் பக்கம் வந்த காலம் என்று மொழியியலார் பலர் சொல்வதோடு இது ஒத்துப்போகிறது. ஃபின்னிஷ் அங்கிருந்து ஃபின்லாந்து வளைகுடாவைக் கடந்து பிறகு வடக்கே போனது.

2025இல் ஹார்வர்டின் டேவிட் ரைக் ஆய்வகத்திலிருந்து வந்த கட்டுரை இன்னும் பின்னால் போகிறது. இந்தப் பங்குக்கு மிக நெருக்கமான மூலம் சுமார் 4500 ஆண்டுகளுக்கு முன் யாகுட்டியாவில், அதாவது கிழக்கு சைபீரியாவில் இருந்த மக்கள் என்கிறார்கள். 4000 ஆண்டுகளுக்கு முன் காட்டுப் பகுதி நெடுக வெண்கல ஆயுதங்களைப் பரப்பிய சேய்மா-துர்பினோ வலைப்பின்னலைச் சேர்ந்த எலும்புகளில் அது தலைகாட்டுகிறது. யூராலிக் மொழிகளின் தாயகம் வோல்கா நதிக்கரை என்று நெடுநாளாகச் சொல்லிவந்தவர்களுக்கு இது பெரிய சவால். மொழியியலார் எல்லோரும் ஏற்றுக்கொண்டுவிடவில்லை, சண்டை நடக்கிறது.

எழுத்தாணி எழுதியது:

எஸ்தோனிய ஆதாரம் வலுவானது, மறுக்கவில்லை. யாகுட்டியாவில் அன்று மூல யூராலிக், அதாவது யூராலிக் மொழிகளுக்கெல்லாம் தாயான மொழி, பேசினார்கள் என்று சொல்வதற்கு மட்டும் நான் இன்னும் தயாரில்லை. மூல யூராலிக்கில் இந்தோ-ஈரானியக் கடன்சொற்கள் இருக்கின்றன. அவை கலக்க இரண்டு கூட்டமும் எங்கோ அருகருகே வாழ்ந்திருக்க வேண்டும். அது யூரல் மலைக்குப் பக்கத்தில்தான் சாத்தியம்.

பனிக்காடு எழுதியது:

ஆட்கள் யாகுட்டியாவிலிருந்து கிளம்பியதும், மொழி யூரல் பக்கம் கிளைவிட்டதும் ஒன்றுக்கொன்று முரண் இல்லையே. நடுவில் ஐந்நூறு ஆண்டுகளும் ஒரு நீண்ட பயணமும் இருக்கின்றன.

வடகடல் எழுதியது:

நான் யாழ்ப்பாணம், இருக்கிறது நோர்வேயின்ர பின்மார்க் பக்கம். எண்பதுகளில் இங்கே மீன் ஆலை வேலைக்கு வந்த தமிழர் கனபேர், அந்த வழியில்தான் எங்கட குடும்பமும். இங்கே அயலில் சாமி ஆக்களும் இருக்கினம், பின்லாந்து வழிவந்த குவேன் ஆக்களும் இருக்கினம், அதனால் இந்தக் கதை எனக்கு ஊர்க்கதை மாதிரி. ஒரு கேள்வி. அப்ப சாமி ஆக்கள்தான் மூத்த குடி, பின்கள் பிறகு வந்து அவையளைத் தள்ளினவை என்று சொல்லலாமோ?

பனிக்காடு எழுதியது:

அண்ணா, நிலத்தைப் பொறுத்தவரை அதில் நிறைய உண்மை இருக்கிறது. சாமி மொழி பேசியவர்கள் தெற்கில் இருந்தார்கள், விவசாயம் பரவப் பரவ வடக்கே ஒதுங்கினார்கள் அல்லது ஃபின்னிஷ் பேசுபவர்களாக மாறினார்கள். இன்றைய ஃபின்களின் முன்னோரில் அவர்களும் உண்டு.

ஆனால் மரபணுவில் 'கலப்பில்லாத மூத்த குடி' என்று யாரையும் காட்ட முடியாது. சாமி மக்களிடம் சைபீரிய வகைப் பங்கு ஃபின்களைவிட அதிகம், 20 சதத்துக்கும் மேல். அந்தப் பங்கே வெளியிலிருந்து வந்ததுதானே. அதே சமயம் அவர்களுடைய தாய்வழியில் யு5பி, வி என்ற பழைய ஐரோப்பியக் குழுக்கள் நிறைந்திருக்கின்றன. ஃபின்களுக்கும் சாமிகளுக்கும் மூலப்பொருள் ஒன்றுதான், அளவு வேறு.

தாமிரபரணி எழுதியது:

முகத்தை வைத்து 'மங்கோலிய இனம்' என்று எழுதுகிறார்களே, அந்தப் பேச்சு எங்கிருந்து தொடங்கியது?

எழுத்தாணி எழுதியது:

18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜெர்மனியில் புளூமென்பாக் மனிதர்களை ஐந்து இனமாகப் பிரித்தபோதே ஃபின்களையும் சாமிகளையும் அந்தப் பெட்டியில் போட்டுவிட்டார். மொழிக்குடும்பத்தை இனம் என்று எடுத்துக்கொண்டது அடுத்த கோளாறு. மத்தியாஸ் கஸ்த்ரேன் என்ற ஃபின்னிஷ் அறிஞர் 1840களில் சைபீரியா முழுக்க அலைந்து மொழிகளைச் சேகரித்தார், பூர்வீகம் அல்தாய் மலை என்றார். அவர் பெருமையாகச் சொன்னதை மற்றவர்கள் இழிவாக மாற்றிக்கொண்டார்கள்.

இதன் விளைவு புத்தகத்தோடு நிற்கவில்லை. 1908இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஜான் ஸ்வான் என்ற ஃபின்னிஷ் தொழிலாளிக்குக் குடியுரிமை கொடுக்கக் கூடாது, அவர் மங்கோலியர், வெள்ளையர் இல்லை என்று அரசுத் தரப்பு வாதாடியது. நீதிபதி வில்லியம் கேன்ட் அதைத் தள்ளுபடி செய்தார். சுரங்கத் தொழிலாளர் போராட்டங்களில் ஃபின்கள் முன்னால் நின்ற காலம் அது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

வடகடல் எழுதியது:

ஃபின்கள் பட்டது அது. சாமி ஆக்களுக்கு நடந்தது இன்னும் மோசம். மண்டையோடு அளக்க என்று கல்லறைகளைத் தோண்டி எலும்புகளை எடுத்துக்கொண்டு போனவை. ஹெல்சின்கி பல்கலைக்கழகத் தொகுப்பில் இருந்தவை கனகாலம் கழித்து வட பின்லாந்தில் சாமி ஆக்களின்ர இனாரிக்குத் திரும்பி, 2022இல்தான் திரும்பப் புதைக்கப்பட்டவை. மரபணுவுக்கு மாதிரி கேட்டால் இங்கத்தைய முதியவர்கள் ஏன் தயங்கினம் என்று விளங்க இதைத் தெரிந்திருக்க வேணும். ஆய்வு செய்யிறவை முதலில் அந்த ஆக்களிட்ட அனுமதி கேட்கட்டும்.

கோவை_மருத்துவர் எழுதியது:

குழந்தைநல மருத்துவத்தில் இருப்பதால் நான் ஃபின்லாந்தை முதலில் தெரிந்துகொண்டது நோய்கள் வழியாகத்தான். பூர்வீகம் என்றால் எல்லோரும் நாலாயிரம் ஆண்டுக்கு ஓடுகிறோம். அந்த மக்களின் உடம்பில் அதிகமாக எழுதப்பட்டிருப்பது கடைசி ஐந்நூறு ஆண்டுக் கதை.

அங்கே 'ஃபின்னிஷ் நோய் மரபு' என்று ஒரு பட்டியல் இருக்கிறது. உலகின் மற்ற இடங்களில் மிக அரிதான, இங்கே ஒப்பளவில் கூடுதலாக வரும் சுமார் 40 பரம்பரை நோய்கள். 1973இல் நோரியோ, நெவன்லின்னா, பெர்ஹேன்டுபா மூவரும் இந்தக் கருத்தை முன்வைத்தார்கள். பிறவியிலேயே சிறுநீரில் புரதம் கொட்டும் நெஃப்ரோடிக் நோயின் ஃபின்னிஷ் வகை அங்கே ஏறக்குறைய 8000 பிறப்புக்கு ஒன்று. சல்லா நோய் என்பது வடக்கே உள்ள சல்லா என்ற ஊரின் பெயரால் வந்தது. ஏஜியு என்ற, குழந்தையின் அறிவு வளர்ச்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பறிக்கும் நோயில், ஃபின்னிஷ் நோயாளிகளில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் ஒரே ஒரு பிறழ்வுதான். யாரோ ஒரு முன்னோரிடமிருந்து எல்லோருக்கும் வந்தது. மறுபக்கம், ஐரோப்பாவின் மற்ற இடங்களில் ஒப்பளவில் சகஜமான பரம்பரை நோய்களான சிஸ்டிக் ஃபைப்ரோசிஸும் பினைல்கீட்டோனூரியாவும் அங்கே மிகக் குறைவு. அந்தப் பிறழ்வுகள் குறுகிய கழுத்துக்குள் நுழையும்போது தவறிவிட்டன.

காரணம் குடியேற்ற வரலாறு. 16ஆம் நூற்றாண்டு வரை மக்கள் தெற்கு, மேற்குக் கரையோரமாகவே இருந்தார்கள். ஸ்வீடன் மன்னர் குஸ்தாவ் வாசா 1542இல் ஆளில்லாத காடெல்லாம் கடவுளுக்கும் மன்னருக்கும் அரசுக்கும் சொந்தம் என்று அறிவித்து, குடியேற்றத்தை ஊக்குவித்தார். தெற்கு சவோ பகுதியிலிருந்து சில குடும்பங்கள் கிளம்பி, காட்டை எரித்து ரை தானியம் விதைத்துக்கொண்டே வடக்கும் கிழக்கும் போய்க் குடியேறின. ஒரு ஊரைச் சில குடும்பங்கள் தொடங்கும், அடுத்த பல தலைமுறை அதற்குள்ளேயே கல்யாணம். 1696-97 பஞ்சத்தில் மக்களில் மூன்றில் ஒருவர் வரை செத்தார்கள். அதிலும் தப்பியவர்களின் மரபணுதான் பெருகியது. இருவரும் நெருங்கிய சொந்தம் இல்லை என்று நினைத்துக் கட்டிக்கொள்வார்கள். இருவருக்கும் பத்துத் தலைமுறைக்கு முன் ஒரே பாட்டன் இருப்பார்.

பனிக்காடு எழுதியது:

டாக்டர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். 2017இல் சினி கெர்மினென் குழு, பெற்றோர் பிறந்த ஊர் தெரிந்தவர்களை மட்டும் எடுத்து, மரபணு ஒற்றுமையை வைத்து நாட்டைப் பிரித்துப் பார்த்தது. முதல் பிளவு கிழக்குக்கும் மேற்குக்கும் இடையே விழுந்தது. அந்தக் கோடு 1323இல் ஸ்வீடனும் ரஷ்ய அரசான நோவ்கோரோதும் போட்ட பாஹ்கினாசாரி உடன்படிக்கையின் எல்லையைப் பெருமளவு ஒத்திருக்கிறது! எல்லை போட்டதால் பிளவு வந்ததா, ஏற்கெனவே இருந்த பிளவின் மேல் எல்லை விழுந்ததா என்பது வேறு விவாதம்.

தாமிரபரணி முதலில் கேட்ட 60 சதத்துக்குள்ளேயும் இந்தப் பிளவு இருக்கிறது. கிழக்கில் என்1சி 70ஐத் தொடும், மேற்கில் 40 பக்கம். மேற்கில் அந்த இடத்தை ஐ1 என்ற ஸ்காண்டிநேவியக் குழு பிடிக்கிறது. என்1சியிலும் இரண்டு கிளை, இசட்1936 கிழக்கில் அதிகம், விஎல்29 எஸ்தோனியா, பால்டிக் பக்கத்தோடு சேர்ந்தது. ஆகவே சைபீரிய வழி என்று ஒருமையில் பேசுவதே தப்பு.

தாமிரபரணி எழுதியது:

டாக்டர், நம்மூர் சாதிக்குள் கல்யாணமும் இதே கதைதானே?

கோவை_மருத்துவர் எழுதியது:

அதே கதை, அதைவிடக் கடுமையாக. 2017இல் தெற்காசியாவின் 260க்கும் மேற்பட்ட குழுக்களை ஆராய்ந்தார்கள், ஹைதராபாதின் மரபணு ஆய்வாளர் தங்கராஜுக்கு அதில் முக்கியப் பங்கு. அவற்றில் 81 குழுக்கள் ஃபின்களைவிடவும் ஐரோப்பாவின் அஷ்கெனாசி யூதர்களைவிடவும் குறுகிய கழுத்து வழியாக வந்தவை. அதில் 14 குழுக்கள் பத்து லட்சத்துக்கும் மேல் ஆள் உள்ளவை! ஃபின்லாந்து தன் நோய்களைப் பட்டியல் போட்டு, மரபணுவைக் கண்டுபிடித்து, பிறகு ஃபின்ஜென் என்று 5 லட்சம் பேரின் மாதிரியைத் திரட்டியது. 56 லட்சம் பேர் உள்ள நாட்டில் அது. நம் குழந்தைகளின் அரிய நோய்களுக்கு அப்படி ஒரு பட்டியல் இல்லை. பெற்றோர் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைகிறார்கள். இதில் எனக்கு உண்மையாகவே ஆத்திரம் உண்டு.

எழுத்தாணி எழுதியது:

கால்டுவெல் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. 1856இல் அவர் பார்த்தது இரண்டு மொழிகளிலும் ஒட்டு ஒட்டாகச் சேர்த்துச் சொல் கட்டும் முறையை. துருக்கியும் ஜப்பானியமும்கூட அப்படித்தான் கட்டுகின்றன, அது உறவுக்கு ஆதாரம் ஆகாது. இன்று மொழியியலில் அந்தக் குடும்பத்தைப் பெரும்பாலோர் ஏற்பதில்லை. சிந்து எழுத்துக்குத் திராவிட வாசிப்பு சொன்ன அஸ்கோ பார்ப்போலா ஃபின்லாந்துக்காரர், 2010 கோவை மாநாட்டில் விருது பெற்றவர் என்பதால் இந்த உறவுக் கதை நம்மிடையே இன்னும் உலவுகிறது. அவருடைய ஆய்வுக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது.

பனிக்காடு எழுதியது:

மரபணுவிலும் ஆதாரம் இல்லை. ஃபின்களின் சைபீரியப் பங்கு நம்மிடம் இல்லை, நம்முடைய பழைய தென்னிந்தியப் பங்கு அவர்களிடம் இல்லை. கடந்த ஐயாயிரம் ஆண்டுக்குள் இருவருக்கும் பொதுவாக ஏதாவது உண்டென்றால் அது புல்வெளி மேய்ச்சல்காரர்களின் பங்கு. ஃபின்களிடம் அதிகம், தமிழர்களிடம் கொஞ்சம், சாதியைப் பொறுத்துக் கூடும் குறையும். அது இந்தோ-ஐரோப்பிய மொழி பேசியவர்களோடு போன பங்கு என்பதுதான் இதில் வேடிக்கை. தமிழும் ஃபின்னிஷும் இரண்டுமே அந்த மொழிக்குடும்பத்துக்கு வெளியே நிற்கின்றன.

தாமிரபரணி எழுதியது:

இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லித் தந்ததில்லை, எல்லோருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று: கற்கால ஃபின்லாந்தின் மரபணு இனிமேலாவது கிடைக்க வழி இருக்கிறதா?

பனிக்காடு எழுதியது:

எலும்புதான் வேண்டும் என்ற கட்டாயம் இப்போது இல்லை. டென்மார்க்கின் லோலான் தீவில் சூல்தோல்ம் என்ற இடத்தில், சுமார் 5700 ஆண்டுகளுக்கு முன் ஒருவர் மென்று துப்பிய பிர்ச் மரப் பிசின் கிடைத்தது. 2019இல் அந்தப் பிசினிலிருந்தே ஒரு பெண்ணின் முழு மரபணுத் தொகுதியையும் எடுத்துவிட்டார்கள். பிர்ச் பிசின் ஃபின்லாந்துச் சதுப்புகளிலும் கற்கால இடங்களிலும் கிடைக்கிறது. நான் நம்பிக்கை வைத்திருப்பது அதன்மேல்தான்.